குழுவில் இல்லாதவர்களைப் பற்றி

நண்பர்களே, நேற்று நம் அலுவலக அரட்டைக் குழுவில், ஒருவர் ஏன் விடுப்பு எடுத்தார் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அவர் இந்தக் குழுவில் இல்லை. அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டேன் (நானும் அதில் சிரிப்புப் பொம்மை போட்டவன்தான்).

இனி அடுத்தவர் உடல்நலம், சம்பளம், வீட்டு விவகாரம் எதுவும் இங்கே வேண்டாம். குறை இருந்தால் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். ‘அறிக்கை இரண்டு நாள் தாமதம்’ என்றால் சரிசெய்யலாம். ‘அவர் சோம்பேறி’ என்றால் என்ன செய்வது? வேலையில் உள்ள குறையையும் முதலில் அவரிடமே, தனியாகச் சொல்லுங்கள். வயதில் சின்னவர் என்றாலும் ‘அவன்’, ‘அவள்’ வேண்டாமே.

அப்புறம், புதிதாகச் சேர்ந்த இருவரும் தனியாகவே சாப்பிடுகிறார்கள். நாளை நம் மேசைக்குக் கூப்பிடப்போகிறேன். முதல் நாளே சொந்தக் கதை கேட்டுக் குடையாமல், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.