வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மாங்காய் சீசனுக்கு முன் பில்லிங் மென்பொருளில் செய்த திருத்தங்கள்

கிருஷ்ணகிரி
மாசி மாதம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடைகளிலும் மண்டிகளிலும் ஓடும் எங்கள் பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பைப் பங்குனி முடிவதற்குள் எல்லோருக்கும் நிறுவித் தர இருக்கிறோம். திரையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. அப்படியிருக்க, அரை நாள் வேலையை நிறுத்தி இதை எதற்கு மாற்ற வேண்டும் என்று காவேரிப்பட்டணத்திலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும் சிலர் கேட்டிருந்தீர்கள். கேள்வி நியாயமானது. கல்லூரியில் கணினி படிக்கும் தங்கள் பிள்ளைகள் சிலர் கடைக்கென்று சிறு நிரல்களை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சென்ற சீசனில் ஒரு மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. யூ.பி.எஸ். பேட்டரி பழையதாகிவிட்டதால் கணினியும் அந்த நொடியே அணைந்தது. மீண்டும் திறந்தபோது பில் எண் இருந்தது, வாங்கிய வியாபாரியின் பெயர் இருந்தது, எடையும் இருந்தது. ஆனால் காய் கொண்டுவந்த விவசாயியின் கணக்கில் வரவு ஏறவில்லை. மறுநாள் அவர் பணம் வாங்க வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இதற்கு மின்சாரத்தைக் குறை சொல்ல முடியாது. நிரலை நாங்கள் எழுதிய விதத்தில்தான் பிழை. ஒரு பில் போடும்போது பில் விவரம், விவசாயி வரவு, வியாபாரி பற்று, கமிஷனும் கூலியும் என நான்கு இடங்களில் பதிவு நடக்கிறது. பழைய பதிப்பு இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே எழுதியது. இரண்டாவதற்கு முன் மின்சாரம் போனால் முதலாவது மட்டும் தங்கிவிடும்.

புதிய பதிப்பில் இந்த நான்கும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வருகின்றன. நான்கும் எழுதி முடிந்தால்தான் பில் போட்டதாகக் கணக்கு. இடையில் எது நின்றாலும், அடுத்த முறை திறக்கும்போது, பதிவுகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளம் அந்த அரைகுறைப் பதிவைத் தானே தள்ளிவிடும். தங்களுக்குப் பில்லே போடாதது போல இருக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை முறையைச் சொல்கிறோம்: பில்லைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே நிரலை டாஸ்க் மேனேஜர் வழியாகப் பலமுறை கொன்று பாருங்கள், ஒருமுறையாவது பிளக்கையே பிடுங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையை நாங்கள் முதலிலேயே செய்திருந்தால் அந்த விவசாயி ஒரு நாள் அலைந்திருக்க மாட்டார்.

பேக்கப் எடுப்பதிலும் இதே ஆபத்து மறைந்திருக்கிறது. தங்களில் பலர் இரவில் கடை மூடும்போது டேட்டா கோப்பைப் பென் டிரைவில் காப்பி செய்துகொள்கிறீர்கள். பழக்கம் நல்லதுதான், ஆனால் மென்பொருள் திறந்திருக்கும்போது அப்படிச் செய்யாதீர்கள். நாங்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை, புதிய பதிவுகளைப் பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பில் முதலில் எழுதிவைத்துப் பிறகு முதன்மைக் கோப்பில் சேர்க்கும்படி அமைத்திருக்கிறோம். முதன்மைக் கோப்பை மட்டும் காப்பி செய்தால் அன்று மாலை போட்ட பில்கள் அதில் இல்லாமல் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் அந்தக் காப்பியே திறக்காமலும் போகலாம். ஆகவே புதிய பதிப்பில் பேக்கப் எடுப்பதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். அது தரவுத்தளத்தின் சொந்தப் பேக்கப் வசதியைக் கொண்டு முழுக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறந்தும் பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்லும். அதே கணினியின் டி டிரைவில் வைத்த காப்பியை யாரும் பேக்கப் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அதே ஹார்டு டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டு மூன்று கணினி வைத்திருப்பவர்கள் டேட்டா கோப்பை ஷேர் செய்த ஃபோல்டரில் போட்டு எல்லாக் கணினியிலிருந்தும் திறப்பதும் தவறு. ஒருவர் எழுதும்போது மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு, நெட்வொர்க் வழியாகப் பல நேரங்களில் சரியாக வேலை செய்வதில்லை. இனிமேல் ஒரு கணினி மட்டுமே கோப்பைத் தொடும், மற்றவை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது பைசா விவகாரம். மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடியாததைப் போல, கணினியின் இரும எண் முறையில் பத்தில் ஒரு பங்கை முடித்து எழுத முடியாது. புள்ளி எண்களுக்கு நிரல்களில் சாதாரணமாகப் பயன்படும் ‘டபுள்’ வகையில் பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய்க்குப் பதிலாக 0.9999999999999999 என்று வரும். ஒரு பில்லில் இது தெரியாது. மாதக் கடைசியில் இரண்டு தொகைகள் சமமா என்று நிரல் ஒப்பிடும்போது இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே பணம் முழுவதையும் பைசாவாகவும், எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துவிட்டோம். பைசாவுக்குக் கீழே வரும் பின்னத்தை எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வியே. 33 ரூபாய் 30 பைசா விலையுள்ள மூன்று பொருள்களுக்கு 2.5 சதவீதம் மத்திய ஜி.எஸ்.டி. கணக்கிடும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழுமையாக்கினால் 2 ரூபாய் 49 பைசா, மொத்தத்தில் முழுமையாக்கினால் 2 ரூபாய் 50 பைசா. பில்லும் மாத அறிக்கையும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஆடிட்டர்கள் கேட்டது இந்த ஒரு பைசாவைத்தான். இனி பில்லிலும் மாத அறிக்கையிலும் ஒரே முறைதான்: பொருளுக்குப் பொருள் தனித்தனியே.

ஜி.எஸ்.டி. விகிதத்தைப் பொருளோடு மட்டும் சேர்த்து வைத்திருந்தது இன்னொரு தவறு. 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது, ஷாம்புவுக்கு 18 சதவீதம் 5 ஆனது. விகிதத்தை மாற்றியவுடன், ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடி அச்சிட்டால் புதிய வரியோடு வந்தது. மளிகைக் கடைக்காரர்கள் பதறியதில் வியப்பில்லை. இப்போது ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தத் தேதி முதல் என்ற குறிப்பு உண்டு, பில் போட்ட அன்றைய விகிதம் பில்லுக்குள்ளேயே பதிந்துவிடும்.

கொள்ளு இரண்டு பொருளாகத் தெரிகிறது என்று ஊத்தங்கரையிலிருந்து வந்த புகாருக்கும் விடை கிடைத்துவிட்டது. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. அப்பா ஒரு கீபோர்டு முறையிலும் மகன் இன்னொன்றிலும் தட்டினால் ஸ்டாக் இரண்டாகப் பிரிந்துவிடும். சேமிக்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்கு மாற்றும்படி செய்துவிட்டோம். தமிழில் நிரல் எழுதுவோர் இதை முதல் நாளே கவனிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இது பெரும்பாலும் வராது.

மாத அறிக்கை எடுக்கும்போது திரை உறைந்துபோவது, கனமான வேலையைத் திரையைக் கவனிக்கும் அதே த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் அதே தடத்தில், நாங்கள் ஓட்டியதால் நேர்ந்தது. சில நொடிகள் பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்த நிரல் இயங்கவில்லை என்று அறிவிக்கும். பொறுமை இழந்து பொத்தானை மூன்று முறை அழுத்தினால் வேலையும் மூன்று முறை நடக்கும். அறிக்கை இப்போது பின்னணியில் ஓடுகிறது, முடியும்வரை பொத்தான் மங்கியிருக்கும்.

புதுக் கணினி வாங்கியவர்கள் தேதி அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாதம் முதலில் வரும் அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். மாதத்தின் முதல் 12 நாட்களில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நடக்கும், 13ஆம் தேதிதான் பிழைச் செய்தி வரும். உள்ளே இனி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே தேதியைச் சேமிக்கிறோம். டேட்டா கோப்பையும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லாததால், பழைய நிரல்களின் பதிவுகளை விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி இடத்தில் ஒதுக்கிவிடுகிறது. ஒருவர் போட்ட பில் இன்னொருவர் லாகினில் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

நிறுவ வரும் நாளைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்வோம். அன்று காலை பில் போடும் வேலையை முடித்து மென்பொருளை மூடிவைத்து, காலியான பென் டிரைவ் ஒன்றும் நடப்பு மாதத்தின் அச்சிட்ட இருப்புப் பட்டியலும் எடுத்து வையுங்கள். பழைய இருப்பையும் புதிய இருப்பையும் தங்கள் முன்னிலையிலேயே ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் எங்கள் ஆள் கிளம்புவார். யூ.பி.எஸ். பேட்டரி வாங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் சீசன் தொடங்கும் முன் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் உருவாக்கப் பிரிவினர்