சாதுவான நாய் சீறினால் முதலில் வலியைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளர்ப்பு நாய் வீட்டாரையே கடித்த செய்தி வரும்போதெல்லாம் "திடீரென்று கடித்தது" என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏன் கடித்தது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். பல ஆண்டுகள் சாதுவாக இருந்த நாயின் குணம் ஒரே வாரத்தில் காரணமில்லாமல் மாறாது. கொழுப்பு ஏறிவிட்டது என்று அடிப்பதும், எங்கோ கொண்டுபோய் விட்டுவருவதும் பெரும்பாலும் நோயாளிக்குக் கொடுக்கிற தண்டனைதான்.

எப்போது சீறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தலையைத் தடவும்போது மட்டும் என்றால் காதைச் சந்தேகியுங்கள். உள்ளே பழுப்பு அழுக்கும் நாற்றமும் இருக்கும், தலையை உதறிக்கொண்டே இருக்கும். தீனியை வாயில் கவ்விக் கீழே போட்டால் பல் வலியாக இருக்கலாம். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீங்கும். தூக்கும்போதோ படுத்து எழும்போதோ உறுமினால் இடுப்பு மூட்டு அல்லது முதுகுத்தண்டு. உறங்கும்போது தொட்டால் பாய்கிற வயதான நாய்க்குக் காது மந்தமாகியிருக்கலாம். பெண் நாய் பருவத்துக்கு வந்து 6 முதல் 8 வாரம் கழித்துப் பொம்மையை அணைத்துக்கொண்டு யாரையும் அண்டவிடாவிட்டால் அது பொய்ச் சினையாக, அதாவது சினைபடாமலே சினைபட்டதுபோல் உடல் மாறுவதாக இருக்கலாம். வலிப்பு, மூளைக்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றாலும் குணம் மாறும்.

தூர நின்று கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காட்சி மருத்துவருக்குப் பெரிய உதவி. பரிசோதனை மேஜையில் பயத்தில் உறைந்து நிற்கும் நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. கூட்டிச் செல்லும்போது கூடை வடிவ வாய்மூடி போடுங்கள். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் நாய் இரைக்க முடியாமல் உடல் சூடேறிவிடும். நாம் விழுங்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை. உறுமியதற்காக அடிக்கவும் கூடாது. உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

ரேபிஸை மட்டும் ஒருநாளும் மறக்கக் கூடாது. எச்சில் வழிதல், குரைக்கும் குரல் மாறுதல், விழுங்கத் திணறல், பின்னங்கால் தள்ளாட்டம் இருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். நாயை அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நாயை 10 நாள் அடைத்து வைத்துக் கண்காணியுங்கள். ஆனால் கடிபட்டவர் போட்டுக்கொள்ள வேண்டிய ரேபிஸ் தடுப்பூசியை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. 10 நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், மீதி ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்