பொழுது சாயும் முன் போய்ச் சேர்

அடி குண்டூசி,

உன் பயணத் திட்டம் கைக்கு வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்புதான், நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி தேவலையா? அண்ணன் இன்னும் அந்தப் பச்சை ஸ்வெட்டரை விடவில்லையா? அதை மூட்டை கட்டி வை, காட்டில் காலை வேளைக்கு வேண்டியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு நாள் திட்டத்தில் ஆறு நாள் "மாலை 6.30க்குப் போய்ச் சேர்தல்" என்று எழுதி வைத்திருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நம் ஊர் மே மாதத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இங்கே மே என்றால் குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நடு மேயில் காலை ஆறரைக்கு உதிக்கிற சூரியன் மாலை ஐந்து பத்துக்கெல்லாம் இறங்கிவிடும். அடுத்த அரை மணியில் கும்மிருட்டு. நீங்கள் பார்க்கப்போகும் மிருகக் காப்பகம், அந்த ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காட்டின் வாயிலை அந்த மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், மறுபடி திறப்பது காலை ஆறுக்கு.

என்-2 நெடுஞ்சாலையில் பெரிய தொல்லை இல்லை. நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வேக வரம்பு 120. கவலை அதை விட்டு இறங்கிய பிறகுதான். ம்டுபடுபா என்ற ஊரிலிருந்து காட்டுக்குப் போகும் ஆர்-618 சாலையில் வேலியே கிடையாது. மாடும் ஆடும் குறுக்கே போகும், பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நடப்பார்கள், திடீர் திடீரென்று குழி வரும். பகலெல்லாம் வெயில் வாங்கிய தார் ராத்திரியில் கதகதப்பாக இருக்கும், அதில் மாடு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில் படுத்திருந்தால் ஹெட்லைட்டில் அதன் கண் பளபளக்கிற நேரத்தில் பிரேக் போட இடம் இருக்காது. காட்டுக்குள்ளே வரம்பு 40 கி.மீ. வாயிலிலிருந்து முகாமுக்குப் போக ஒரு மணி நேரமாவது வேண்டும். வழியில் யானைக் கூட்டம் நின்றால், அது மனம் வைத்து நகரும்வரை நீயும் நிற்க வேண்டியதுதான். அதனால் எந்த நாளாக இருந்தாலும் மூன்று, மூன்றரைக்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்திரு. மற்ற எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேள்.

அப்படியானால் க்ரூகர் தேசியப் பூங்கா கழன்றுவிடும். கோபப்படாதே. பக்கத்து நாடான எஸ்வாடினி வழியாகக் குறுக்கே போகலாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு வாடகைக் கம்பெனியிடம் எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், ஒருமுறை நுழைவு விசா வைத்திருந்தால் திரும்பி வரவும் முடியாது. எட்டு நாளில் க்ரூகரையும் சேர்த்தால் ரோட்டைத்தான் பார்ப்பாய். இப்படிப் போ: முதல் நாள் டர்பனில் தூக்கம். மறுநாள் எஷோவே என்ற ஊர், ஒரு ராத்திரி. பிறகு காட்டில் மூன்று ராத்திரி, செயின்ட் லூசியாவில் இரண்டு. கடைசி நாள் விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கிவிடு. காட்டுக்கு ஒரே ஒரு பகல் ஒதுக்கியிருந்தாயே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வண்டி விஷயம். இந்தப் பாதைக்குச் சாதாரண கார் போதும், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குப் பணம் கொட்டாதே. கோசி கடல்முகத்து மணல் வழிக்குத்தான் அது கட்டாயம். அங்கே டயர் காற்றழுத்தத்தை ஒரு பார் அளவுக்கு இறக்கி, திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். அத்தையை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். நீதான் ஓட்டப்போகிறாய் என்றால் கிரெடிட் கார்டும் உன் பேரில் இருக்க வேண்டும். லைசென்ஸ் உன் பேரிலும் கார்டு அண்ணன் பேரிலும் இருந்தால் கவுன்டரில் வண்டி தரமாட்டார்கள். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடு. இன்ஷூரன்ஸில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள், மண் ரோட்டில் அடிபடுவது இந்த மூன்றும்தான். சாவி வாங்கியதும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி முழு அளவு டயர்தானா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. பெட்ரோலை ம்டுபடுபாவிலேயே நிரப்பிக்கொள். யாராவது "அடுத்த ரோபோவில் இடது பக்கம் திரும்பு" என்றால் முழிக்காதே, இங்கே சிக்னல் விளக்குக்குப் பேர் ரோபோ. நாலு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இதை எல்லோரும் மதிப்பார்கள், நீயும் மதி. சின்னவனுக்கு அம்மா, அப்பா பேர் இரண்டும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

இனி காடு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹ்லுஹ்லுவே என்பதைச் சொல்லிப் பழகு: "ல்" சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காற்றை ஊது, அதுதான் இந்தப் பக்கத்து மக்களான ஜூலுக்காரர்களின் "ஹ்ல". 960 சதுர கிலோமீட்டர் காடு. 1895லேயே காப்பகமாக அறிவித்துவிட்டார்கள், ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் நூறுகூடத் தேறாமல் போன காலத்தில் ஒளிந்து பிழைத்த இடம் இதுதான். 1960களில் இயன் பிளேயர் என்ற வனக் காப்பாளரும் கூட்டாளிகளும் மயக்க மருந்து கொடுத்துப் பிடித்து, க்ரூகருக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பாட்டன் வீடு இந்தக் காடு என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்னவனிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடு. அவன் படத்தில் பார்த்த கொம்பு பலவற்றுக்கு இருக்காது. வேட்டைக்காரர்கள் கொன்று குவித்ததைத் தாங்க முடியாமல் 2024ல் இங்குள்ள காண்டாமிருகங்களின் கொம்பை அறுக்கத் தொடங்கினார்கள். கொம்பு நம் நகம் மாதிரிதான், மயக்கம் கொடுத்து அறுத்தால் வலிக்காது, மறுபடி வளரும், மறுபடி அறுக்க வேண்டும். மொட்டை மூக்கோடு அது மேய்வதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் அந்த மொட்டைதான் அதன் உயிரைக் காக்கிறது. எடுத்த படத்தை எந்த இடம் என்ற விவரத்தோடு எங்கேயும் போடாதே, போன் கேமராவின் இடக்குறிப்பை அணைத்து வை. வெள்ளையா கறுப்பா என்பதை நிறத்தில் தேடாதே. வாய் அகலமாக, தலை குனிந்து புல் மேய்ந்தால் வெள்ளை. மேலுதடு கூராக வளைந்து, புதரில் தழை ஒடித்தால் கறுப்பு. குட்டி தாய்க்கு முன்னே ஓடினால் வெள்ளை, பின்னே ஓடினால் கறுப்பு.

வாயில் திறந்ததிலிருந்து ஒன்பது மணிவரை பொன்னான நேரம். இம்ஃபொலோசிப் பக்கம் சொன்டூலி வளைவு ரோட்டை மெதுவாக, 20க்கு மேல் போகாமல் சுற்று. வெயில் ஏறினால் நீர்நிலை ஓரத்து மறைவிடத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார். மழை நின்று குட்டைகள் வற்றும் மாதம் என்பதால் மிருகம் தண்ணீர் தேடி வரும். ரோட்டில் சாணக் குவியல் கிடந்தால் ஏற்றாமல் சுற்றிப் போ, சாண வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும். எங்கும் வண்டியை விட்டு இறங்காதே, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் யானைக்குப் பழம் கொடுத்த பழக்கத்தில் கிட்டப் போய்விடாதே. எதிரே வந்தால் தூரத்திலேயே நிறுத்து, இன்ஜினை அணைக்காதே, ஹாரன் கூடவே கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் கறை வழிந்து, பின்னங்காலும் ஈரமாக, தனியாகத் திரியும் ஆண் யானையைப் பார்த்தால் அந்த நிமிஷமே ரிவர்ஸ் எடு. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டியைக் கொண்டு போகவே போகாதே.

தங்க ஹில்டாப், ம்பிலா என்று இரண்டு பெரிய முகாம்கள். ம்பிலாவைச் சுற்றி வேலி இல்லை, ராத்திரி கழுதைப்புலி வாசலுக்கு வரும். சாப்பாட்டை வெளியே வைக்காதே, இருட்டிய பிறகு சின்னவனைத் தனியாக விடாதே. அத்தைக்காக ஹில்டாப்பையே எடு, உணவகமும் உண்டு. ஆனாலும் அரிசி, பருப்பு, பொடி எல்லாம் டர்பனில் வாங்கிக்கொண்டு போ. 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர், மசாலாவுக்குப் பஞ்சமே இல்லை. அத்தை கட்டாயம் சாப்பிட வேண்டியது உபுத்து. சோளமாவை உதிரி உதிரியாக வேக வைத்தது, நம் புட்டு போலவே இருக்கும். அமாசி என்ற புளித்த பாலை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். பேரைக் கேட்டாலே அத்தை சிரித்துவிடுவார்.

எஷோவே ஒரு ராத்திரிதான் என்றாலும் அவசரப்படாதே. நோங்காய் கோட்டை அருங்காட்சியகத்தில் இலாலா ஓலைக் கூடைகள் இருக்கின்றன. இலாலா நம் பனைக்கு உறவு மரம். தண்ணீர் ஒழுகாதபடி அவ்வளவு நெருக்கமாகப் பின்னுவார்கள், சாயம் வேரிலும் பட்டையிலும் எடுத்தது. தெருவோரம் பின்னுகிற அம்மாவிடமே வாங்கு, அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதே. ட்லின்சா காட்டில் மர உச்சிகளை ஒட்டி 125 மீட்டர் நீள மரப்பாலம் உண்டு, சக்கர நாற்காலியே போகும், அத்தைக்கும் சரிப்படும்.

ஜூலுக்காரர் ஒருவரைப் பார்த்தால் வணக்கமாக "சாவுபோனா", பலர் இருந்தால் "சானிபோனானி" என்று சொல்லிவிட்டுத்தான் வழியே கேட்க வேண்டும். எதையும் வலது கையால் கொடு, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள். வாங்கும்போது இரண்டு கையும் நீட்டு. அத்தையை "கோகோ" என்பார்கள், பாட்டி என்று அர்த்தம். தேன்கூடு வடிவக் குடிசைக்குள் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கடைசிக் கோடியில் உள்ள உம்சாமோ முன்னோருக்கான இடம், அங்கே காலை நீட்டாதே. உன் அப்பாவுக்குச் சொல்ல ஒரு சேதி: அவர் மயிலை, காரி, செவலை என்று மாட்டைப் பிரிப்பதைப் போல ஜூலுக்காரர்கள் தங்கள் ங்குனி இன மாட்டுத் தோலின் ஒவ்வொரு புள்ளிக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். வெளிர் தோலில் சின்னச் சின்னப் புள்ளி தெளித்திருந்தால் அதற்கு வானம்பாடி முட்டையின் பேர்.

கடல். ஆமை முட்டையிடுவது நவம்பர் முதல், குஞ்சு வருவது மார்ச் வரைதான், மேயில் கிடையாது, சின்னவனைத் தேற்று. இசிமங்கலிசோ பூங்காவுக்குள் கேப் விடால் கடற்கரை செயின்ட் லூசியாவிலிருந்து 35 கி.மீ., முழுக்கத் தார் ரோடு. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, விடிந்ததும் போய்விடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் காலை பத்து மணி சுமாருக்கு நன்றாக வற்றும். பாறைக் குட்டையில் மீன் பார்க்க அதுதான் நேரம், நம் தினக் காலண்டரைப் பார்த்தே நாளைக் குறித்துக்கொள். அலைக்குள் ஆழம் போகாதே, இழுப்பு அதிகம். குரங்கு கையிலிருந்தே ரொட்டியைப் பிடுங்கும்.

செயின்ட் லூசியா கழிமுகத்தில் காலைக்கூட நனைக்காதே. நீர்யானை, முதலை, சுறா மூன்றும் அங்கே உண்டு. இரண்டு மணி நேரப் படகில் போய்ப் பார். இருட்டியதும் நீர்யானை புல் மேய ஊருக்குள்ளேயே நடந்து வரும், தெருவில் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்க நடந்து போகலாம் என்று அண்ணன் கிளம்புவார், விடாதே. நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே நின்றுவிட்டால் மனிதன் ஓடித் தப்ப முடியாது.

கொசு மருந்து பற்றி உங்கள் டாக்டரிடம் கேள், வடக்குப் பக்கம் மலேரியா கொஞ்சம் உண்டு. காட்டு முகாமுக்கு இந்த வாரமே முன்பதிவு செய். திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பு. "போய்ச் சேர்தல்" என்ற கட்டத்தில் 3.30க்கு மேல் ஒன்றாவது இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

உன்,
ரூம் 14