கிரவுலுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் திருக்குறள் மொழிபெயர்ப்புகள் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஜி.யு. போப்புக்கு ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்திருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கார்ல் கிரவுலுக்குக் கிடைத்தது ‘குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர்’ என்ற ஒரே வரி. முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்த நானும் அந்த ஒரு வரியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகுதான் அவருடைய நூல்களைத் தேடிப் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காமல் விட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

1814இல் ஜெர்மனியில் வேர்லிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் கிரவுல். லைப்சிக்கில் இறையியல் படித்தார். தமிழ்ப் பக்கம் வருவதற்கு முன்பே, 1843இல், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். மறு வருடம், 30 வயதில், டிரெஸ்டனில் இருந்த லுத்தரன் மிஷனுக்கு இயக்குநர். மிஷனரியாகப் போகிறவர் பல்கலைக்கழகப் படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காகவே மிஷனை லைப்சிக்குக்கு மாற்றினார். 1849இல் கிளம்பி, பாலஸ்தீனம், எகிப்து வழியாக இந்தியா வந்து, தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தார். 1853இல் ஊர் திரும்பினார்.

திரும்பிய மறு வருடமே ‘பிப்ளியோதிகா தமுலிகா’ (தமிழ் நூலகம்) என்ற நூல் வரிசையின் முதல் தொகுதி வந்துவிட்டது. அதில் இருப்பவை தமிழ் வேதாந்த நூல்கள்! ஒரு கிறிஸ்தவ மிஷன் தலைவர் கைவல்ய நவநீதம் என்ற அத்வைத நூலை எடுத்து உட்கார்ந்து படித்திருக்கிறார். மாக்ஸ் முல்லர் ரிக் வேதத்தைப் பதிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியா என்றால் ஐரோப்பிய அறிஞர்களுக்குச் சமஸ்கிருதம்தான். அத்வைதத்தைத் தமிழ் வழியாகவும் படிக்க முடியும் என்று அப்போது காட்டியவர் கிரவுல். 1855இல் கைவல்ய நவநீதத்தின் தமிழ் மூலத்தையே ஆங்கில மொழிபெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, சொல்லகராதியோடு பதிப்பித்தார். ஜெர்மன் தெரியாத நான் படிக்க முடிந்தது அந்தத் தொகுதியைத்தான்.

குறள் ஜெர்மனில் வந்தது 1856இல். வீரமாமுனிவர் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் காமத்துப்பாலைத் தொடாமல் விட்டவர். கிரவுலோ, இன்பத்தையும் சேர்த்து, மனிதன் நாடும் மூன்று குறிக்கோள்களைப் பற்றிய பாடல் என்று துணைத்தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

என்னை உலுக்கியது அந்த வரிசையின் நான்காம் தொகுதி. குறள் மூலம், எளிய தமிழில் அதன் பொருள், அப்புறம் லத்தீன், கூடவே குறிப்புகளும் சொல்லகராதியும். லத்தீன் படித்த ஓர் ஐரோப்பிய மாணவனை முதலில் புழக்கத்தில் உள்ள தமிழுக்குக் கூட்டிவந்து, அங்கிருந்து வள்ளுவரின் தமிழுக்கு ஏற்றிவிடும் வழி அது. வகுப்பில் நாங்கள் செய்ததும் அதுதானே! அந்தத் தொகுதி 1865இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1864 நவம்பர் 10 அன்று எர்லாங்கனில் இறந்துவிட்டார். வயது 50.

சரி, பாராட்ட மட்டும் நான் எழுதவில்லை. திருச்சபைக்குள் சாதி பார்ப்பதை உடனே ஒழிக்க வேண்டும் என்று மற்ற மிஷன்கள் வற்புறுத்தியபோது, அது சமூக வழக்கம், பொறுத்துப்போகலாம் என்ற பக்கம் நின்றவர் கிரவுல். 1851இல் அதை விளக்கிச் சென்னையில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அந்த நிலைப்பாட்டை ஏற்க முடியாமல் ஓக்ஸ் என்ற மிஷனரி பிரிந்துபோனார். ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற நூலில் இவ்வளவு தோய்ந்தவர் இங்கே இப்படி நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓக்ஸ் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி எழுதினால் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு வேண்டுகோள். தம் பயணத்தைக் கிரவுல் ஜெர்மனில் 5 தொகுதிகளாக எழுதியிருக்கிறார். ஜெர்மன் அறிந்த தமிழர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள். தமிழ்நாட்டைப் பற்றி வரும் பகுதிகளை மட்டுமாவது அவர்களைக் கொண்டு மொழிபெயர்த்து வெளியிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி பக்கம்தான். 170 வருடங்களுக்கு முன் அவர் கண்ணில் இந்தப் பகுதி எப்படிப் பட்டது என்று படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை