அல்வா டப்பா மூடியில் நாலு வரி

நெல்லை அல்வாக் கடை அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்தவள். போன மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் எதிரே இருந்த பிள்ளை ஒன்று என் அல்வா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, அல்வான்னா தமிழா?" என்று கேட்டது. டப்பாவில் கடைப்பெயர், போன் நம்பர், எடை எல்லாம் இருந்தன. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் நம்மிடம் இருக்கிறது. அல்வா அரபுச் சொல், இனிப்பு என்று அர்த்தம். நம் ஊர்ப் பெயரிலேயே நெல் இருக்கிறது, ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததோ கோதுமை. தாமிரபரணி வயலில் கோதுமை விளைந்து நான் பார்த்ததில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையும் வடக்கிலிருந்து வந்த குடும்பத்தினுடையதுதான்.

அப்புறம் எப்படி அது நம் பண்டமானது? சின்ன வயதில் எங்கள் தெருப் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஊறிய சம்பா கோதுமையை ஆட்டி, பிழிந்து, வடிகட்டி வைப்பார்கள். கோதுமைப் பால் அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிடுவார்கள். பெரிய சட்டியில் சீனியைக் கருக்கி நிறம் ஏற்றி, பாலை ஊற்றி, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டுவார்கள். கிண்டுகிறவர் கை நின்றால் அடிபிடித்துவிடும். குடித்த நெய்யை அல்வா கடைசியில் தானே கக்கும். அதுதான் இறக்கும் பதம். வியர்வை சொட்டச் சொட்ட நின்ற அந்தக் கைகள்தான் அதை நம்முடையதாக்கின. தாமிரபரணித் தண்ணீரின் ருசி என்றும் சொல்வார்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். 1986 வரை நம் மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியின் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நிலக்கடலையின் பூர்வீகம் தென்னமெரிக்கா. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளையோடும் சீனியோடும் சேரும் அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு, பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. இது எதுவும் நமக்குக் குறைச்சல் இல்லை. தூரத்துச் சரக்கை வாங்கி, வேறெங்கும் கிடைக்காத ருசியாக மாற்றியிருக்கிறோம். இதை நம் பிள்ளைகளுக்கே நாம் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டப்பா மூடியின் உள்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது? அங்கே நாலு வரி அச்சடியுங்கள்: பெயர் எங்கிருந்து வந்தது, கோதுமைப் பால் எப்படி எடுக்கிறோம், நிறம் எப்படி வருகிறது, கிண்டுகிறவர் யார். கிண்டுகிறவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். இந்தத் தீபாவளிக்கு அடிக்கும் டப்பாவிலேயே தொடங்கலாம். வரிகளை எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
டவுன் வாடிக்கையாளர் ஒருத்தி