எழுத்தைப் படித்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை முகாம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பல இடங்களில் போர்டில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்வதோடு சரி.

என் வீட்டுக்காரர் குட்டி யானை ஓட்டுகிறார். போன வருடம் வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியும் மாறி மாறி உடைந்தன. வீட்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். கண்ணாடிக் கடையிலோ கடைசி வரிவரை மடமடவென்று படித்தார். பார்வை பிரமாதம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு கண் டாக்டர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் விரலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் நடுவுக்கு வரும்வரை இவருக்குத் தெரியவே இல்லை. எதுவரை பார்வை தெரிகிறது என்று அளக்கும் பீல்டு டெஸ்ட் தாளில் வலக்கண்ணுக்கு வலப்பாதி, இடக்கண்ணுக்கு இடப்பாதி கறுப்பு. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம் அதற்கு நேர் மேலே இருக்கிறது. கட்டி கீழிருந்து அழுத்தினால் ஓரப்பார்வைதான் முதலில் போகுமாம்.

ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் எக்கச்சக்கம்; அந்தக் கட்டிதான் சுரக்கிறதாம். இந்த வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையே சுருக்கிவிடும் என்றார்கள். கேபர்கோலின், வாரம் இரண்டு தடவை. ஆரம்பத்தில் குமட்டல், தலைசுற்றல். சில வாரங்களில் ஓரம் தெளிந்தது. அதுவரை வண்டியை என் கொழுந்தனார்தான் ஓட்டினார். சிலருக்கு இந்த மாத்திரை சூதாட்ட ஆசையைத் தூண்டும், கவனியுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். போனில் ரம்மி இருக்கிறதா என்று இப்போதும் பார்க்கிறேன். அவருக்குக் கோபம்தான், வரட்டும்.

கூச்சப்படாமல் ஒன்று எழுதுகிறேன். இந்த ஹார்மோன் கூடினால் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், பால் சுரக்கும். சீக்கிரமே டாக்டரிடம் போய்விடுவார்கள். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும். அதை எந்த ஆண் வாய்திறந்து சொல்கிறார்? கட்டி பெரிதாகிக் கண்ணைப் பாதித்த பிறகுதான் பல ஆண்களுக்குத் தெரியவருகிறது.

அந்த விரல் சோதனைக்கு மெஷின் வேண்டாம், ஒரு நிமிட வேலை. முகாம்களில் அதையும் சேர்த்து, சந்தேகம் வந்தால் பீல்டு டெஸ்டுக்கு எழுதிக் கொடுக்கட்டும். 40 வயதுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று தரும் டாக்டர்களும் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்