கொட்டகையில் கிடக்கும் புல்லட்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. மருமகள் பிளஸ் டூவில் எடுத்த மார்க்கைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தக் காலேஜ் என்று முடிவானதும் எழுது. அம்மாவுக்கு முட்டி வலி இப்போது குறைவு. காலையில் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சரி, உன் அப்பாவின் புல்லட்டுக்கு வருகிறேன். ஆறு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறது, பட்டறையில் பார்த்துவிட்டு இஞ்சினைப் பிரித்து ரீபோர் (சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காத வண்டிக்கு ரீபோர் வேண்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்? இப்போதைக்கு சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்ற யாரையும் விடாதே. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வை. மறுநாள் பிளக் இல்லாமலேயே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது ஆயில். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் இஞ்சின் வார்ப்பிலேயே பின்பக்கம் இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அங்கிருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து இஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலே ஊற்றிவிடாதே. அடியில் கிராங்க்கேஸ் போல்ட்டைக் கழற்றி ஒரு சட்டியில் பிடித்துப் பார், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஆறு வருஷத்து ஆயில் என்பதால் டேங்கில் மிச்சம் இருப்பதையும் இறக்கிவிட்டு 20டபிள்யூ50 ரக ஆயிலைப் புதிதாக ஊற்று. முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை கொட்டும். அதைப் பார்த்துத்தான் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்பார்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறமும் புகை நிற்காவிட்டால் மட்டும் ரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

பெட்ரோல் டேங்கை முழுக்கக் காலி செய். உள்ளே துரு இருந்தால் மண்ணெண்ணெயும் ஒரு பிடி நட்டுகளும் போட்டு நன்றாகக் குலுக்கி அலசு. பெட்ரோல் டேப்பின் சல்லடையையும் பார். ரப்பர் டியூபை யோசிக்காமல் மாற்றிவிடு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்குத் தாங்காது, ஊறிப் பிசுபிசுத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் நிற்கிற வண்டியில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்கவே கூடாது. கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் கட்டாயம் அடைத்திருக்கும். சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் அதுதான் காரணம். ஜெட்டைக் கம்பியால் குத்தாதே, துளை பெரிதாகிவிடும். தூண்டில் நரம்பும் காற்றும் போதும்.

இனி நான் உண்மையாகவே சொல்ல நினைப்பது. என் வண்டி இரண்டு வருஷம் முன்பு என்னைப் படுத்திய கதை உனக்குத் தெரியாது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். இருபது நிமிஷம் ஓடி இஞ்சின் சூடானதும் இருமி இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஒரு பட்டறையில் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார்கள், கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினார்கள், கடைசியில் புது கார்புரேட்டரே போட்டார்கள். பணம் போனதே தவிர வண்டி சரியாகவில்லை. ஒரு நாள் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற வழியில், இருட்டுகிற நேரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து யோசித்தேன்.

சூட்டில் நிற்பதற்குப் புல்லட்டில் எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள் உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், உடனே வண்டி கிளம்பிவிடும். திறந்தேன், சத்தம் இல்லை. இரண்டாவது, வால்வைத் தள்ளும் டேப்பெட் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்க் கிக்கர் லேசாக இறங்கும். மிதித்தேன், கனமாகவே இருந்தது. மிச்சம் இருப்பது ஸ்பார்க். வலது பக்கம் பிளாட்டினம் (மூடித் திறந்து பிளக்கில் பொறி வரவைக்கும் கான்டாக்ட் பாயிண்ட்) இருக்கும் மூடியைத் திறந்து, சாவியைப் போட்டு மெதுவாக மிதித்தேன். நல்ல வெளிச்சத்தில் அது கண்ணில் பட்டிருக்காது. அந்த மங்கலில் பிளாட்டினத்தின் இரு முனைகளுக்கும் நடுவே பளிச்சென்று நீலமாகப் பொறி பறந்தது. பிளக்கில் வர வேண்டிய சக்தியெல்லாம் அங்கே வீணாகிக்கொண்டிருந்தது. அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டென்சர் செத்திருந்தது, அவ்வளவுதான். காயிலையும் கார்புரேட்டரையும் மாற்றியதற்கு ஆன செலவில் ஒரு பங்குகூட ஆகாத சின்னச் சாமான்.

அன்றிலிருந்து ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் தொடுகிறேன். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி இருட்டில் தடவ வேண்டியதுதான்.

உன் வண்டியிலும் முதலில் பிளாட்டினத்தைப் பார். முனை கருத்து, குழி விழுந்திருந்தால் மாற்று. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்தே பார். பிளக்கில் பொறி விழும் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருமுன் 0.8 மில்லிமீட்டர்.

ஸ்டார்ட் செய்யும்போது அம்மீட்டரைப் பார்க்கச் சொல்லி உன் அப்பா நமக்குக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? நான் முதன்முதலில் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். சாவி போட்டதும் மெதுவாக மிதித்தால், பிளாட்டினம் மூடியிருக்கையில் முள் இடது பக்கம் லேசாகச் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்து கிக்கர் கனத்ததும் சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கு. பிறகு லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு முழு மூச்சாக ஒரு உதை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள இஞ்சின். உச்சிக்கு முன்னால் அவசரப்பட்டு உதைத்தால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். கான்வாஸ் ஷூவோடு மிதிக்காதே.

ஜீப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு உன் எம்.எம். 540 ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது ஏர் லாக்தான், டீசல் பைப்பில் காற்று அடைத்துக்கொள்வது. ஃபில்டரின் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடி. நுரை போய்த் தெளிவான டீசல் வந்ததும் இறுக்கு. அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் பக்கம் பைப் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி இஞ்சினைச் சுற்றவிடு. டீசல் கசிய ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக இறுக்கு. ஏலத்தோட்டத்து மண்ணில் ஃபோர் வீல் போட்டு ஏறிவிட்டு, தார் ரோட்டுக்கு வந்ததும் லீவர் கழலவில்லை என்றாயே, அது ரிப்பேரே இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் வழுக்காமல் முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடு, லீவர் தானே விட்டுக்கொடுக்கும். தார் தொடங்குமுன்பே கழற்றிவிடு.

ஆடிப் பெருக்கு முடிந்த மறுநாள் திருச்சியிலிருந்து பஸ் ஏறிப் போடிக்கு வருகிறேன். ஒரு செட் பிளாட்டினமும் இரண்டு கண்டென்சரும் வாங்கி வைத்திருக்கிறேன். டேப்பெட்டை மட்டும் நான் வரும்வரை தொடாதே. இஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது டேப்பெட்டின் மேல் நிற்கும் புஷ்ராடு கம்பியை விரலால் சுற்றிப் பார்த்து வைக்க வேண்டிய வேலை அது. சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அதை உன் கையாலேயே செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்